பிடித்த இடத்தில் உளி ஓடாது

மரக்கிண்ணம் கடைபவருக்கு எல்லா வேலையும் முடிந்தபிறகும் ஒரு வேலை பாக்கி நிற்கும். வெளிப்புறம் வடிவுக்கு வந்திருக்கும். உள்புறத்தைக் குடைந்து உப்புத்தாளும் போட்டாயிற்று. இத்தனை நேரம் கிண்ணத்தை லேத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த அடிப்பாகம் மட்டும் முரட்டு முளையாகவோ திருகாணித் துளைகளோடோ அப்படியே இருக்கும். அதைச் சீராக்க வேண்டுமென்றால் கிண்ணத்தைத் திருப்பி மாட்ட வேண்டும். திருப்பிய பிறகு எதைப் பிடிப்பது? விளிம்பு மெலிந்துவிட்டது, உள்ளே வளைவு, வெளியே மெருகு. இறுக்கினால் தழும்பு விழும். இறுக்காவிட்டால் கிண்ணம் பறக்கும்.

இந்த ஒரு கேள்விக்கு உலகெங்கும் கடைசல்காரர்கள் பத்துப் பன்னிரண்டு விடைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே தரமல்ல. வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் இருந்துகொண்டு அவற்றை எடைபோடுவதற்குக் காரணம் உண்டு. என் கணிப்பில் அவற்றுள் சிறந்த விடைக்கு வேண்டிய பொருள் தோல் துண்டு. அது இங்கே மூட்டை மூட்டையாகக் கழிக்கப்படுகிறது.

பிடித்த இடத்தில் உளி ஓடாது என்பது கிண்ணத்துக்கு மட்டும் உரிய சிக்கலும் அல்ல. ஷூ தொழிற்சாலையில் மேல்தோலை இழுத்து வடிவேற்றும் கால் அச்சை எடுத்துக்கொள்வோம். இன்று ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் 'லாஸ்ட்' என்று சொல்லப்படும் அது பிளாஸ்டிக், முன்பு மரம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த தாமஸ் பிளான்சார்டு 1819-இல் ஒரு நகல் லேத்துக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கிக் கட்டைகளுக்காகப் பிறந்த அந்த இயந்திரம் விரைவிலேயே லாஸ்ட் கடையவும் பயன்பட்டது. மாதிரி ஒன்றைத் தடவிச் செல்லும் சக்கரம் எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படியே வெட்டும் சக்கரமும் ஏறி இறங்கும். கோணல்மாணலான கால் வடிவம் மரத்தில் வந்துவிடும். ஆனால் கட்டையைக் குதிகாலிலும் விரல்நுனியிலும் பிடித்தாக வேண்டும். பிடித்த அந்த இரண்டு இடத்திலும் கட்டைத்துண்டு மிஞ்சும். அதை நீக்க வேறொரு இயந்திரமும் வேறொரு ஆளும் வேண்டியிருந்தது. வடிவம் மொத்தமும் இயந்திரத்தில் வந்த பிறகும் பிடிமானத்தின் மிச்சம் தனிவேலையாகத்தான் நின்றது.

நம் நாட்டு அரக்குக் கடைசல் இந்தச் சிக்கலுக்குள் அவ்வளவாகப் போகவில்லை. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான், பெங்களூர்-மைசூர் சாலையில் சென்னபட்டணம், ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்கா ஆகிய மூன்றும் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவை. அம்பாசமுத்திரத்தார் மஞ்சள் கடம்பை விரும்பினார்கள். மற்ற இரண்டு ஊரிலும் வெட்பாலை. சென்னபட்டணத்து முறையில் கட்டையின் ஒரு முனையை லேத் தலையிலுள்ள குழிக்குள் சுத்தியலால் அடித்து இறுக்குவார்கள். மறுமுனையில் பொம்மையைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி நிறமேற்றி, தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்கி, கடைசியில் உளியால் அறுத்துப் பிரிப்பார்கள். அறுபட்ட முகமே பொம்மையின் அடி. விரற்கடை அகலமே உள்ள முகத்தை உப்புத்தாளில் இரண்டு தேய் தேய்த்தால் போதும்.

இது சாத்தியமாவதற்குக் காரணம் பொருளின் சிறுமை மட்டுமல்ல, மரத்தின் நாரோட்டமும்தான். சொப்புக் குடத்தில் நார் மேலிருந்து கீழாக, சுழலும் அச்சின் போக்கிலேயே ஓடுகிறது. அந்தக் கட்டையை எவ்வளவு ஒல்லியாக்கினாலும் சட்டென்று ஒடியாது. ஒரு சாண் அகலக் கிண்ணத்தைப் பலகையிலிருந்துதான் எடுக்க முடியும். அதில் நார் படுக்கையாக ஓடும். அடியில் ஒல்லியாக ஒரு காம்பு விட்டு அறுக்கலாம் என்றால், காம்பு நாரோடு பிளந்து கிண்ணத்தின் அடியிலிருந்தும் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஆகவே சொப்புக்குத் தெரிந்த வழியைக் கிண்ணத்துக்கு அப்படியே நீட்ட முடியாது. நம் பக்கம் அகன்ற மரக்கிண்ணக் கடைசல் ஏன் சொப்பு அளவுக்குத் தழைக்கவில்லை என்று கேட்டால், பித்தளையும் மண்ணும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது பெரிய காரணம். இந்தப் பிடிமானச் சிக்கலும் ஒரு சின்னக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இங்கிலாந்தில் கழியும் கயிறும் கட்டி, காலால் மிதித்துக் கடைந்தவர்கள் கிண்ணத்தை முதலிலிருந்து முடிவுவரை இரண்டு முனைகளுக்கு நடுவிலேயே வைத்திருந்தார்கள். உள்ளே குடையும்போது நடுவில் ஒரு தண்டை விட்டுவைப்பார்கள். வெளியே அடியிலும் ஒரு குமிழ் நிற்கும். வேலை முடிந்ததும் தண்டை ஒடித்து, ஒடிந்த இடத்தை வளைந்த கத்தியால் சுரண்டுவார்கள். பெர்க்‌ஷையர் மாவட்டத்துப் பக்கில்பரியில் இப்படிக் கடைந்துவந்த ஜார்ஜ் லெய்லி 1958-இல் இறந்தார். அவருடைய லேத் இன்று ரெடிங் நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கிண்ணங்களின் அடியில் கத்தித் தடம் இருக்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. அடி கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்ற ஆசை மின் மோட்டார் வந்தபிறகு வளர்ந்தது.

இன்றைய வழிகளுக்கு வருவோம். முதலில், திருப்பாமலே தப்பித்துக்கொள்ளும் வழி. வெளிப்புறத்தைக் கடையும்போதே அடியையும் முழுதாக முடித்துவிட்டு, அதன் நடுவில் ஆழம் குறைந்த வட்டக்குழி ஒன்றைச் சுத்தமாக வெட்டுவது. லேத் தலையில் பூட்டிய சக் என்ற கவ்வியின் தாடைகள் அந்தக் குழிக்குள் விரிந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே குடைந்து முடித்துக் கழற்றினால் வேலை தீர்ந்தது. தாடைத் தடம் தெரியும், அடி கொஞ்சம் கனமாக இருக்கும் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அன்றாடம் புழங்கும் கிண்ணத்துக்கு இதில் ஒரு தப்பும் இல்லை என்பேன். விற்பனைக்கு நூறு கிண்ணம் செய்பவர் இதைத்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது ஒட்டுவது. ஒரு வேஸ்ட் கட்டையைக் கிண்ணக் கட்டையின் அடியில் ஒட்டி அதையே பிடித்துக் கடைந்தால் நல்ல மரத்தில் முளைக்கென்று ஒரு சென்டிமீட்டர்கூட வீணாகாது. நடுவே ஒரு தாளை வைத்துப் ஃபெவிகால் தடவுவார்கள். முடிந்ததும் தாள் இருக்கும் கோட்டில் உளியை வைத்துத் தட்டினால் தாளே இரண்டாகப் பிளந்து கட்டை விட்டுவிடும். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. ஜவ்வாது மலைச் சந்தனத்தின் சிராய்க்கும் விலை உண்டு என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட மரத்தில் முளை விட்டு வெட்டி எறிவது யாருக்கும் மனம் வராத காரியம். தட்டார்கள் நகையை அரக்கில் பதித்துப் பிடித்துக்கொண்டு செதுக்குவதும் இதே உபாயம்தான். ஆனால் ஈரமரத்தில் பசை பிடிக்காது. எண்ணெய்ப்பசை உள்ள மரத்தில் பாதிதான் பிடிக்கும். பாதிப் பிடிமானம் என்பது பிடிமானமே இல்லாததைவிட மோசம். ஏனென்றால் அதை நம்பி வேகத்தைக் கூட்டிவிடுவோம்.

ஃபேஸ் பிளேட் என்ற இரும்புத் தட்டில் கட்டையைத் திருகாணி போட்டு முடுக்கும் பழைய முறையைப் பற்றித் தோல் வட்டாரத்துக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் கறுக்கும் என்பது பழைய தொட்டிக்காரர் யாருக்கும் தெரியும். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் மை நிறம். கடுக்காய் ஊட்டிய துணியில், துருவும் வெல்லமும் ஊறிய நீரைக் கொண்டு கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு போடுவதும் இதே வேதியியல். கருவேலம் போலத் துவர்ப்பு மிகுந்த மரத்தை ஈரத்தோடு இரும்புத் தட்டில் இரண்டு நாள் முடுக்கி வைத்தால், ஆணியைச் சுற்றி நீலங்கலந்த கறுப்புக் கறை ஊறி இறங்கிவிடும். துளையை அடைக்கலாம்; கறையை எதைக் கொண்டு அடைப்பது?

துளையும் கறையும் தெரியாமல் இருக்க அடியில் வட்டமாகப் பச்சை ஃபெல்ட்டோ தோலோ வெட்டி ஒட்டுவது ஒரு வழக்கம். மேசைமேல் சாவி போட்டு வைக்கும் கிண்ணமென்றால் சரி. தினமும் கழுவி வைக்கும் பாத்திரத்தில் அந்த ஒட்டு ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சை பிடிக்கும். என்னைக் கேட்டால் அது பூசி மெழுகும் வேலை.

முளையைச் சக்கில் பிடித்து உள்ளே குடைந்தவர் அந்த முளையை நீக்கக் கட்டாயம் கிண்ணத்தைத் திருப்பியாக வேண்டும். இங்கேதான் கருவிக் கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கோல் ஜாஸ் என்ற பெரிய தட்டுத் தாடைகளில் ரப்பர் குமிழ்களைச் சுற்றிலும் முடுக்கி விளிம்பைக் கவ்வுவார்கள். வட்டம் கெடாத, விளிம்பு மொத்தமாக உள்ள கிண்ணத்துக்கு அது பரவாயில்லை. இரண்டு பிளைவுட் வட்டங்களில் வளைந்த காடி வெட்டி, ஒன்றை மற்றொன்றின்மேல் திருப்பினால் எல்லாக் குமிழும் ஒன்றாக உள்ளே நகரும்படி செய்தது ஆஸ்திரேலியக்காரரான லாங்வொர்த்தின் யோசனை. ஆசாரி ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியது. நடுவில் ஓட்டையிட்ட பலகை ஒன்றைக் கிண்ணத்தின்மேல் கவிழ்த்து, பின்பலகையோடு நீளப் போல்ட்டு போட்டுச் சிறைவைப்பது மற்றொன்று. உளுத்த மரத்துக்கும் வெடிப்புள்ள மரத்துக்கும் அதைவிடப் பத்திரமான வழி இல்லை. மாட்டிக் கழற்ற நேரம் பிடிக்கும் என்பதுதான் குறை.

வேஸ்ட் கட்டையில் கிண்ண விளிம்பு சரியாகப் போய் உட்காரும்படி படி வெட்டி, அதில் கிண்ணத்தைத் தட்டி இறுக்குவதற்கு ஜாம் சக் என்று பெயர். செலவே இல்லை. பொருத்தம் மயிரிழை சரியாக இருந்தால் கிண்ணம் அசையாது. ஆனால் வேலூர் வெயிலில் மரம் சும்மா இருப்பதில்லை. பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் காயக் காய முட்டை வடிவமாகும். நாருக்குக் குறுக்கே சுருங்கும் அளவு நார்ப்போக்கில் சுருங்குவதில்லை. வட்டமான படிக்குள் முட்டை வடிவ விளிம்பு இரண்டே இடத்தில்தான் தொடும். அதனால்தான் பச்சை மரத்தை முதலில் தடிப்பாகக் கடைந்து வைப்பார்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். நார் வெட்டுப்பட்ட முகங்களில் மெழுகு பூசி, மாதக்கணக்கில் நிழலில் ஆறவிட்டு மறுபடி கடைந்தால் வட்டம் நிற்கும்.

வெற்றிடச் சக்கைப் பற்றி ஒரு மயக்கம் பரவியிருக்கிறது. ஒரு குழாய்த்துண்டின் வாயில் ரப்பர் வளையம் ஒட்டி, கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, உள்ளே உள்ள காற்றை பம்பால் உறிஞ்சினால் வெளிக்காற்றே கிண்ணத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தழும்பு இல்லை, முன்னால் எந்தத் தடையும் இல்லை, அடி முழுவதும் உளிக்குத் திறந்திருக்கும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட 500 மில்லிமீட்டர் பாதரசம் குறையும்படி இறக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.68 கிலோ விசை கிடைக்கும். வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 53 கிலோ. 20 சென்டிமீட்டர் என்றால் 213 கிலோ. விட்டம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காவதைக் கவனிக்க வேண்டும். மெல்லிய கிண்ணம் உள்ளே நொறுங்குவதும் இதனால்தான். மலைமேல் போனால் காற்றழுத்தமே குறைவு. 1,100 மீட்டர் உயரத்து ஏலகிரியில் கடலோரத்தைவிட எட்டில் ஒரு பங்கு குறையும்.

இதைவிடப் பெரிய தடை மரத்தின் நுண்துளைகள். வேம்பு, வாகை போன்ற மரங்களில் வெட்டுமுகம் வழியாகக் காற்று கசியும். மெழுகோ அரக்கோ பூசி அடைக்காவிட்டால் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், பிடி ஏறாது. அப்புறம் மின்வெட்டு. கரண்ட் போனால் லேத்தும்தான் நிற்கும் என்று ஆறுதல் கொள்ளக்கூடாது. பம்பு அந்த நொடியே நிற்கும். லேத் ஓடிய வேகத்தில் இன்னும் சில சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். நடுவில் ஒரு காற்றுத் தொட்டியும் ஒருவழி வால்வும் இல்லாத வெற்றிடச் சக்கை நம் ஊரில் பொருத்துவது விபரீதம்.

பாக்கி இருப்பது எல்லாவற்றையும்விட எளிய முறை. ஒரு வேஸ்ட் கட்டையை லேத் தலையில் மாட்டிக் கிண்ணத்தின் உள்வளைவுக்குக் கொஞ்சம் சிறிதாகக் கவிகை வடிவில் கடைய வேண்டும். அதன்மேல் தோல் போர்த்தி, கிண்ணத்தைக் கவிழ்த்து, எதிர்ப்பக்க டெயில் ஸ்டாக்கின் முனையை அடியின் மையப்புள்ளியில் வைத்து அழுத்த வேண்டும். கிண்ணத்தை எதுவும் கவ்வுவதில்லை. முன்னும் பின்னுமாக இரண்டு பக்க அழுத்தமும் தோலின் உராய்வும்தான் பிடிமானம். விளிம்பு முட்டை வடிவமானாலும், பட்டையோடு விட்ட கோணல் விளிம்பானாலும் கவலை இல்லை. விளிம்பை யாரும் தொடுவதே இல்லையே!

இதில் கவனிக்க வேண்டியது கவிகை எங்கே தொடுகிறது என்பது. கிண்ணத்தின் சுவரில் மட்டும் தொட்டால் அது ஆப்புபோல வேலைசெய்து கிண்ணத்தைப் பிளக்கும். நடு அடியில் மட்டும் தொட்டால் கிண்ணம் தள்ளாடும். உள்ளடியில் அகலமாகப் படிந்து உட்கார வேண்டும். கையால் ஒரு சுற்று சுற்றி, விளிம்பருகே பென்சிலைப் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் தூக்குகிறது என்று தெரியும். அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு குறைந்த வேகத்தில், நக உளியால் மெலிசாகச் சீவ வேண்டும். முளை குறையக் குறைய நடுவில் ஒரு குமிழ் நிற்கும். அதைப் பென்சில் தடிமன் ஆகும்வரை இளைத்துவிட்டு லேத்தை நிறுத்தி, உளியால் கையாலேயே நறுக்கி உப்புத்தாள் போட்டால் அடி முடிந்தது. ஆசையில் ஓடும்போதே குமிழைச் சீவி எடுக்கப் போனால், முனையின் பிடிப்பு போன கணத்தில் கிண்ணம் உருண்டு உளியில் மோதும்.

எந்தத் தோல்? மேல்மெருகு ஏற்றிய ஷூ தோல் வழுக்கும். சூடேறினால் அதன் சாயம் வெளிறிய மரத்தில் ஒட்டும். சாயமேற்றாத ஸ்ப்ளிட் நல்லது. தோலை இயந்திரத்தில் இரண்டு பாளமாகப் பிளக்கும்போது கீழே கிடைக்கும் அந்தப் பாளத்தின் சொரசொரப்பு மரத்தை நன்றாகப் பற்றும். ஷூ மேல்தோலின் தடிமனான ஒன்றரை மில்லிமீட்டர் அளவே போதும். அடித்தோல் தடிமனில் கவிகைக்கு வளைந்துகொடுக்காது. ஆவாரம் பட்டைத் தோலுக்கு இன்னொரு குணம் உண்டு. நனைத்துக் கவிகைமேல் இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும். குரோம் தோல் அப்படி நிற்காது. ஈரமாக இருக்கும்போது மட்டும் ஆவாரம் பட்டைத் தோலை இரும்போடு ஒட்டி வைக்கக் கூடாது. காரணத்தை மேலே சொல்லியாயிற்று. மிஞ்சும் குரோம் துண்டுகளை அடுப்பில் போடுவது கூடவே கூடாது. அந்தச் சாம்பலில் குரோமியம் நச்சான, ஆறு இணைதிறன் கொண்ட வடிவத்துக்கு மாறிவிடும்.

வேகத்தைப் பற்றிய கணக்கையும் சொல்லிவிடலாம். 25 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 1,200 சுற்றில் 56. வேகம் இரட்டித்தால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. முகக்கவசம் இல்லாமல் திருப்பிமாட்டிய கிண்ணத்தின் எதிரே நிற்கிற யாருக்கும் இந்த எண்களைக் காட்ட வேண்டும். கிண்ணம் திரும்பியிருக்கும்போது 600-ஐத் தாண்ட எந்த அவசியமும் இல்லை.

அடியின் வடிவத்தையும் விட்டுவிட முடியாது. சமதளமாகச் சீவிய அடி, அடுத்த கோடையில் மரம் நெளியும்போது நடுவில் புடைத்து மேசைமேல் ஆடும். ஆகவே நடுவை இரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கவிட்டு, சுற்றிலும் ஒரு வளையத்தில் கிண்ணம் நிற்கும்படி செய்ய வேண்டும். வளையத்தின் விட்டம் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் பார்க்க அழகு, குழம்பு ஊற்றினால் ஆபத்து. அடியிலும் மேலே பூசியதே பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய மரம் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், தொகையாக ஒரே அளவில் கடைபவருக்குக் குழிமுறை, விலைமிக்க மரத்துக்கு ஒட்டுக்கட்டை, மற்ற எல்லாருக்கும் தோல் போர்த்திய கவிகை. வெற்றிடச் சக்குக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல உளிகள் இரண்டு வாங்கலாம். ஆம்பூர் வட்டாரத்தில் இருப்பவர்கள் தோல் வெட்டும் பிரிவின் கழிவு வாங்கி விற்கும் கடையில் சாயமேற்றாத ஸ்ப்ளிட் என்று கேட்டு வாங்குங்கள். முதல் நாள் கட்டையில் குத்திய மையப்புள்ளியைக் கடைசிவரை அழிக்காதீர்கள். அது போனால் திருப்பிமாட்டும் கிண்ணம் மறுபடி நேராக ஓடாது.